குதிரைவால் மடிப்புக்கு அயன் வேண்டாம், தண்ணீர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விட்டு வந்து குதிரைவாலை அவிழ்த்தால், பின்தலையில் பேண்ட் இருந்த இடத்தில் முடி உள்வாங்கி நிற்கிறது. பின்னேரம் கல்யாண வீட்டுக்கு முடியை விரித்துப் போக வேண்டும் என்று பிள்ளைகள் முடியை நேராக்கும் சூட்டு அயனைத் தேடுகிறார்கள். இதற்காகவே, மருந்து போட்டு முடியை நிரந்தரமாக நேராக்கும் ரீபொண்டிங் செய்யச் சொல்லி வரும் தாய்மாரும் இருக்கிறார்கள். அந்தப் பணம் வீண். ஹற்றன் பக்கம் சலூன்களில் வேலை செய்கிற நாங்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது.

முடியில் இருக்கும் கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விட்டுவிடும். முடி எந்த வடிவில் காய்கிறதோ, அந்த வடிவில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆகவே ஈரத்தோடு கட்டிய முடி பேண்டுக்குள் இருந்தபடியே காய்ந்து மடிப்பாகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் பனிக்கும் குளிருக்கும் நடுவே, விடிய ஐந்து மணிக்குத் தலை முழுகினால் ஏழரைப் பாடசாலைக்கு முடி காயாது. மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். பிடரிக்கு மேலே அடிமுடிக்குள் விரலை விட்டு, சற்று நேரம் அப்படியே வைத்துப் பாருங்கள். விரல் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. முந்தின நாள் வெயில் இருக்கும்போதே முழுகுவது நல்லது. துவாயால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். ஈரமுடி இழுபட்டு இலகுவில் அறும்.

பேண்டும் முக்கியம். கடையில் பார்சல் கட்டும் மெல்லிய இறப்பர் பேண்ட்தான் எல்லாவற்றிலும் மோசம். இழுவை முழுவதும் ஒரே கோட்டில் விழுகிறது, கழற்றும்போது முடியையும் பிய்க்கிறது. இரும்பு மூட்டு வைத்த பேண்டும் வேண்டாம். துணி உறை போட்ட அகலமான பேண்டை வீட்டிலேயே தைக்கலாம்: மூன்றரை அங்குல அகலமும் இருபது அங்குல நீளமும் உள்ள சட்டின் துணி, எட்டு அங்குல இலாஸ்டிக். வழுக்கும் முடி என்றால் சட்டினுக்குப் பதில் பருத்தி. இரண்டு சுற்றுப் போதும். கட்டிய பிறகு பேண்டுக்கும் தலைக்கும் நடுவே விரல் நுனி நுழைய வேண்டும். நெற்றியோரம் வலித்தாலோ, அங்கே சின்னச் சின்னப் பருக்கள் வந்தாலோ கட்டு அதிகம். அதையே நாள்தோறும் தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே போய்விடலாம்.

மடிப்பு விழுந்துவிட்டால் ஸ்பிரே போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். மேல்முடியைத் தூக்கி, இரண்டு மூன்று அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் மூன்று நான்கு முறை அடியுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பள்ளத்தை மட்டும் நனைக்கிறார்கள். பின்னால் இழுபட்ட முடி வேரிலிருந்தே திசை மாறி நிற்கிறது, அதனால் வேரிலிருந்து மடிப்புக்குக் கீழே இரண்டு அங்குலம் வரை நனைய வேண்டும். விரலால் பிசைந்து ஒரு நிமிடம் விட்டு, அகலப் பல் சீப்பால் வாருங்கள். பிறகு பிரஷ்ஷால் முடியை நேராக இழுத்துப் பிடித்து, டிரையரைப் பதினைந்து சென்ரிமீற்றர் தள்ளி, நடுத்தரச் சூட்டில் வேரிலிருந்து நுனி நோக்கிக் காட்டுங்கள். காய்ந்ததும் குளிர்காற்றில் ஆறும்வரை பிடித்திருங்கள். சூட்டோடு விட்டால் வளைவு திரும்பி வரும். டிரையர் இல்லாத வீட்டில் நனைத்த பகுதியைப் பெரிய ரோலரில் சுற்றி, முற்றாகக் காயும்வரை விட்டால் போதும். எண்ணெய் வைத்த தலையில் தண்ணீர் பிடிக்காது. முதலில் ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஈரமுடியில் அயன் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடித்தண்டில் குமிழி விழும், பிறகு அந்த இடத்தில் முறியும். மடிப்பு தினமும் ஒரே இடத்தில் விழுவதால் சூடும் தினமும் அதே இடத்தில்தான் படுகிறது. அயன் தேவையே என்றால் முழுக்கக் காய்ந்த முடியில், 150 பாகையில், ஒரே இழுவை. ரீபொண்டிங் கெரட்டினில் தண்ணீருக்கு விடாத, வலுவான டைசல்பைட் பிணைப்புகளை மாற்றுமே தவிர ஹைட்ரஜன் பிணைப்புகளை இல்லாமல் ஆக்காது. செய்த முடியையும் ஈரத்தில் கட்டினால் மடிப்பு விழும். செய்த முதல் மூன்று நாளும் முடியைக் கட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும் முடி மடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நனைந்த முடியைக் கொண்டையிட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றையும் போடும் அக்காமாருக்கும் இதே தொல்லை உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கொண்டையை அவிழ்த்து உலர விடுங்கள், மறுபடி கட்டும்போது கொஞ்சம் இடம் மாற்றிக் கட்டுங்கள்.

பாடசாலை அதிபர்மாரிடம் ஒரு வேண்டுகோள். முடி ஒழுங்காக இருக்க இறுக்கிக் கட்டத் தேவையில்லை. மழையில் நனைந்து வரும் பிள்ளைகளை முதல் இரண்டு பாடவேளைக்காவது முடியை அவிழ்த்து உலர்த்த அனுமதியுங்கள்.

சலூன் பணியாளர்கள்,
ஹற்றன்.