மூன்றாவதாக ஒரு பெயர்

சிங்கப்பூர் சுகாதார அமைச்சுக்கு,

வணக்கம். கட்டாயத் தடுப்பூசிப் பட்டியலில் போலியோவையும் சேர்க்கக் கேட்டு எழுதுகிறேன். திருச்சியிலிருந்து எங்கள் புளோக்குக்குப் புதிதாகக் குடிவந்த பெண், தன் நான்கு வயது மகனின் தடுப்பூசி அட்டையோடு போன மாதம் வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்களேன்." ஓய்வுபெற்ற தாதி என்றால் இதெல்லாம் நம் தலையில்தான் விழும்.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) உள்ளிட்ட ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியான பென்டாவேலன்ட் மூன்று தவணையும் முத்திரையோடு இருந்தன. தட்டம்மையும் இருந்தது. போலியோ கட்டங்களில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. "ஊசி தனியார்ல போட்டோம். சொட்டு மருந்து முகாம்ல குடுத்தாங்க, எழுதித் தரல" என்றாள். கொடுத்திருக்கலாம். அட்டையில் இல்லையே.

வேடிக்கை என்னவென்றால், நம் சட்டப்படி அந்தப் பையன் தேறிவிட்டான். தொற்றுநோய்ச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தொண்டை அடைப்பானையும் தட்டம்மையையும் மட்டுமே. வெளிநாட்டில் பிறந்து நீண்டகால அனுமதியில் வரும் பிள்ளைகளிடம் 2019 பிப்ரவரியிலிருந்து கேட்பதும் அந்த இரண்டைத்தான்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. தொண்டை அடைப்பானும் போலியோவும் ஒரே ஊசியில் சேர்ந்தே இறங்கிவிடுகின்றன. இந்தியாவில் போடும் பென்டாவேலன்ட்டில் போலியோ கிடையாது, அது தனி. ஒன்று போட்டு மற்றது விட்டுப்போக அங்கே வழியிருக்கிறது.

1958ல் இந்தத் தீவில் போலியோ பரவியபோது ஏறக்குறைய 2 லட்சம் குழந்தைகளுக்கு ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். என் பெரியப்பா மகனுக்கு அது பிந்திப்போனது. அவர் மாடிப்படி ஏறினால் காலில் கட்டிய இரும்பு படிக்குப் படி தட்டும். வருவது யார் என்று எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ வந்தது. மலேசியாவில் 27 ஆண்டுக்குப் பிறகு முதல் நோயாளி. 2022ல் இந்தோனேசியாவின் ஆச்சே. இரண்டுமே, தடுப்பு மருந்து சரியாகப் போய்ச் சேராத இடங்களில் சொட்டு மருந்தின் வலுக்குறைந்த கிருமியே ஆள் மாறி ஆள் மாறிப் பழைய வீரியத்தைப் பெற்றுக்கொண்ட கதை.

தொற்றிய 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் விழும். மற்றவர்கள் நம் பக்கத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்டில் 2022ல் ஒருவருக்குக் கால் விழுந்த பிறகு, கோவிட்டுக்காக முன்பே எடுத்து வைத்திருந்த கழிவுநீரைச் சோதித்தார்கள். கிருமி அதில் ஏற்கெனவே இருந்தது. ஆகவே கழிவுநீரில் போலியோவைத் தேடும் வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பட்டியலில் போலியோவையும் சேருங்கள். படிவத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். திருச்சிப் பையனுக்கு, அட்டையில் இல்லாததைப் போடாததாகவே எண்ணி மருத்துவர் ஊசி போட்டுவிட்டார். அடுத்த தவணைத் தேதியை நானே என் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி, ஓய்வுபெற்ற தாதி