பூட்டிக் கிடக்கும் மண்டபங்களை மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள்: டர்பன் ஆலய, சங்க நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். திங்கள் முதல் வியாழன் வரை மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை, வேறு நிகழ்ச்சி இல்லாத நாள்களில், உங்கள் ஆலய மண்டபங்களையும் சங்கக் கூடங்களையும் இந்நகரத்துக் கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து படிக்கவும் கூடிப் பேசவும் திறந்துவைக்க வேண்டுகிறேன். சனி, ஞாயிறுகளில் கல்யாணங்களுக்கும், தைப்பூசத்தில் காவடிக்கும், ஆடியில் கூழ் ஊற்றுவதற்கும், புரட்டாசி வழிபாட்டுக்கும் நிரம்பி வழியும் இந்த மண்டபங்கள் வாரத்தின் மற்ற நாள்களில் பெரும்பாலும் இருட்டில்தான் நிற்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள நம் டர்பன், மாணவர்களின் நகரம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகமும் வெஸ்ட்வில் வளாகமும் மருத்துவக் கல்லூரியும் இங்கே இருக்கின்றன. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நகரின் நடுவிலேயே இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று நீங்கள் கவனித்ததுண்டா? பல ஆண்டுகளாக மாணவர்களோடு பழகுகிறவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

அவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் தாவரவியல் பூங்கா. 1849இல் தொடங்கப்பட்ட இது, ஆப்பிரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் தாவரவியல் பூங்காக்களில் மிகப் பழமையானது. நுழைவுக் கட்டணம் இல்லை, அதுவே மாணவருக்கு முதல் காரணம். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஏரிக்கரைப் புல்வெளியில் துண்டை விரித்து, பாடப் புத்தகத்தையும் மதிய உணவையும் அருகருகே வைத்துக்கொண்டு படிப்பவர்களை எந்த வார நாளிலும் பார்க்கலாம். தாவரவியலாளர் ஜான் மெட்லி உட் 1895இல் ஓங்கோயே காட்டில் கண்டெடுத்த, பனைபோல் தோன்றும் சைக்காடு இனத்தின் மரமும் அங்கே நிற்கிறது. அந்த இனத்தில் ஆண் மரம் மட்டுமே இதுவரை கிடைத்திருக்கிறது; உலகில் இன்று இருப்பவை எல்லாம் அவர் கண்ட அந்த ஒரே மரத்தின் கன்றுகளே. உயிரியல் மாணவர்கள் அதைச் சுற்றி நின்று குறிப்பெடுப்பதைப் பார்க்கையில், இந்நகரம் தன் பிள்ளைகளுக்கு எவ்வளவு நல்ல பள்ளிக்கூடமாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்தி சாய்வதற்குள் அதன் கதவுகள் மூடப்பட்டுவிடும்.

அடுத்தது, நாம் இன்றும் பழைய பெயரால் கிரே தெரு என்றே சொல்லும் டாக்டர் யூசுஃப் தாதூ தெருவும் அதை ஒட்டிய விக்டோரியா தெருச் சந்தையும் வார்விக் சந்திப்பும். மாணவர்கள் அங்கே போவது பன்னி சௌவுக்காக. இறைச்சி வாங்க முடியாதவர்கள் பீன்ஸ் பன்னி கேட்பார்கள். ரொட்டியின் கால் பகுதியைக் குடைந்து, சூடான பீன்ஸ் கறியை ஊற்றி, குடைந்தெடுத்த மெத்தென்ற பகுதியை மேலே மூடிபோல் வைத்து, பக்கத்தில் துருவிய கேரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்ந்த சாம்பல்ஸ் வைத்துக் கொடுப்பார்கள். மாத இறுதியில், உதவித்தொகை வந்து சேராத நாள்களில், இரண்டு பேர் அந்த ஒரு கால் ரொட்டியைப் பகிர்ந்து உண்பது சர்வ சாதாரணம். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். அடுத்தவர் தட்டோடு காத்திருக்கும் கடையில் உட்கார்ந்து படிப்பது நியாயமும் ஆகாது.

கடற்கரை நடைபாதை எல்லாருக்கும் பொதுவானது, காற்று வாங்கவும் கவலை மறக்கவும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஹோவர்ட் காலேஜ் வளாகத்தின் கீழே பிஜன் வேலி என்ற சிறு காடு இருக்கிறது. அதே வளாகத்தின் ஜாஸ் மையத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளும், எலிசபெத் ஸ்னெடன் அரங்கில் நடந்துவரும் எழுத்தாளர் விழாக்களும் மாணவர்களுக்குப் பெரும் கொடை. யுனெஸ்கோ 2017இல் டர்பனை இலக்கிய நகரமாக அறிவித்தது; ஆப்பிரிக்காவில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் நகரம் இதுதான். இவையெல்லாம் மனத்துக்கு விருந்தளிக்கின்றன. நாளைக்குத் தேர்வு இருக்கிறவனுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மின்செருகி, பயமில்லாமல் வீடு திரும்ப ஒரு வழி.

வெஸ்ட்வில் வளாகத்தை ஒட்டியிருக்கும் ரிசர்வாயர் ஹில்ஸில், நம்மவர் பலர் கார் நிறுத்தும் அறையையும் வீட்டின் பின்கட்டையும் மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அத்தகைய ஓர் அறையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான்கு கட்டில்கள், சுவரில் ஒரே ஒரு செருகி, அதில் கெட்டிலுக்கும் மடிக்கணினிக்கும் கைப்பேசிகளுக்கும் முறைவைத்து இடம். விடியற்காலையில் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக வேண்டிய மாணவி எட்டரை மணிக்கே படுத்துவிட்டதால், மற்றொருத்தி விளக்கை அணைத்துவிட்டு, வெளிவாசல் படியில் உட்கார்ந்து முற்றத்து விளக்கின் வெளிச்சத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மண்டபம் பூட்டிக் கிடந்தது.

பல்கலைக்கழக நூலகம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நல்ல நூலகம். ஆனால் அங்கே வாய்விட்டுப் பேசி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிக்க முடியாது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு, அதிலும் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவர்களுக்கு, பாடம் விளங்குவது அப்படிப்பட்ட பேச்சில்தான். இருட்டிய பிறகு மினிபஸ் டாக்சிகள் குறைந்துவிடுவதால், புறநகர்களான சாட்ஸ்வொர்த்துக்கோ ஃபீனிக்ஸுக்கோ திரும்ப வேண்டியவர்கள், பெண்கள் குறிப்பாக, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்புகிறார்கள். உங்கள் மண்டபங்களோ அவர்கள் வசிக்கும் தெருக்களுக்குள்ளேயே இருக்கின்றன.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களுக்கு அன்றைய அரசு பள்ளிக்கூடங்களைத் தானாகக் கட்டிக் கொடுத்துவிடவில்லை. சமூகம் பாதிப் பணம் திரட்டினால் மீதியை அரசு தரும் என்ற ஏற்பாட்டில், கரும்புத் தோட்டத்திலும் சந்தையிலும் உழைத்தவர்களின் காசில் எத்தனையோ பள்ளிகள் எழுந்தன; அவற்றில் பல ஆலய வளாகங்களையே ஒட்டி நின்றன. 1929இல் சாஸ்திரி கல்லூரி சமூகத்தின் நன்கொடையில் எழுந்தது. இன்றைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு வேராகிய எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி, ஒப்பந்தத் தொழிலாளியாக இங்கே வந்து பின்னர் செல்வம் ஈட்டிய ஒருவரின் கொடையால் 1946இல் உருவானது.

இன ஒதுக்கல் அரசு 1961இல் இந்தியருக்கெனத் தனியாக ஒரு கல்லூரியைத் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில், கைவிடப்பட்ட கடற்படைக் கட்டடங்களில் திறந்தபோது, மாணவர்கள் படகேறிப் படிக்கப் போனார்கள். பின்னாளில் இன ஒதுக்கலை எதிர்த்துப் போராடிய ஸ்ட்ரினி மூட்லி அங்கே படித்தவர். அதே போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான ஸ்டீவ் பிக்கோவோ நேட்டால் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்களுக்கான மருத்துவப் பிரிவில் படித்தார். வெவ்வேறு வளாகங்களில் பிரித்து வைக்கப்பட்ட இவர்கள் சந்தித்துப் பேச இடம் தேடிக்கொண்டதிலிருந்துதான் தென்னாப்பிரிக்க மாணவர் இயக்கமாகிய சாசோவும் கறுப்பு விழிப்புணர்வுச் சிந்தனையும் வலுப்பெற்றன. மாணவர்கள் கூடும் இடத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தயக்கங்களையும் அறிவேன். ஆலயத் தூய்மை கெடுமே என்பது முதல் தயக்கம். மண்டபத்தைக் கருவறைப் பக்கத்திலிருந்து பிரிக்கும் கதவைச் சாத்திவைக்கலாம். செருப்பை வாசலில் விட வேண்டும், உள்ளே இறைச்சியும் மதுவும் கூடாது என்று இசிசுலுவிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டலாம். இப்பிள்ளைகள் அதை மதிப்பார்கள். பொருள்கள் களவுபோகலாம் என்பது அடுத்தது. வருகைப் பதிவேடும் மாணவர் அட்டையும் வாசலில் ஒரு காவலரும் போதும். மின்சாரச் செலவை முதல் ஆறு மாதங்களுக்கு ஏற்க முன்வரும் வணிகர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரம் ஒருநாள் வந்து உட்காரச் சம்மதிப்பார்கள். நான் செவ்வாய்க்கிழமைகளை இப்போதே தருகிறேன்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டுகிறேன். இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வரையறுத்துவிடாதீர்கள். நம் பின்கட்டுகளில் வாடகை கொடுத்துத் தங்கியிருக்கும் சுலு மாணவர்கள் நம் தெருப் பிள்ளைகள்தான். அவர்களிடம் வாடகை வாங்கும் நாம், நம் மண்டபத்தின் வாசலில் அவர்களை நிறுத்தி ஊர் கேட்கக் கூடாது.

எல்லா மண்டபங்களையும் ஒரே நாளில் திறக்கச் சொல்லவில்லை. வெஸ்ட்வில் வளாகத்துக்காக ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் ஒன்று, ஹோவர்ட் காலேஜுக்காக அம்பிலோ பக்கம் ஒன்று என இரண்டு போதும். ஆண்டு இறுதித் தேர்வுகளுக்கு முன்பே தொடங்கினால் இந்த ஆண்டு மாணவர்களுக்கே பயன்படும். உங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அழைத்தால், இரண்டு வளாகங்களின் மாணவப் பிரதிநிதிகளையும் கூட்டிக்கொண்டு நானே நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஓர் ஆசிரியர்