ஊர் பேர் கசப்

அன்புள்ள அம்மைக்கு,

நான் நல்ல சுகம். நீயும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் போட்டால் இரண்டாவது நிமிடமே "சாப்பிட்டியா மக்கா" என்று அழத் தொடங்கிவிடுகிறாய். ஒரு விஷயமும் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் கடிதம். அக்கா மகளை வாசிக்கச் சொல்லு. அவசரத்தில் வரிகளைத் தாண்டினால் காதைத் திருகு.

முதலில் ஊர் பேர். கசப் என்றதும் நீ முகம் சுளித்ததாக அக்கா சொன்னாள். அரபியில் அது செழிப்பான மண்ணைக் குறிக்கும் பேர் என்கிறார்கள். இங்குள்ள பேரீச்சைத் தோப்புகளைப் பார்த்தால் நம்பலாம். பின்னால் நிற்கிற மலையைப் பார்த்தால் நம்பவே முடியாது.

ஏஜென்ட் மஸ்கட் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். மஸ்கட்டில் இறங்கின பிறகுதான் வேலை முசந்தத்தில், இந்தக் கசப்பில் என்று தெரிந்தது. முசந்தம் ஓமானுக்குச் சொந்தமான மாகாணம்தான். ஆனால் மற்ற ஓமானோடு ஒட்டாமல் வடக்கு முனையில் தனியாகக் கிடக்கிறது. நடுவில் எமிரேட்ஸ் என்கிற வேறு நாடு. காரில் போனால் ஓமானிலிருந்து வெளியேற ஒரு முத்திரை, எமிரேட்சுக்குள் நுழைய ஒன்று, அங்கிருந்து வெளியேற ஒன்று, மறுபடி ஓமானுக்குள் நுழைய ஒன்று. சொந்தத் தலைநகரத்துக்குப் போய்வர இந்த மக்களுக்கு இந்தப் பாடு. நாம் களியக்காவிளை தாண்டி கேரளத்துப் பாறசாலையில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்புகிறவர்கள்! என்னைக் கப்பலில் அனுப்பினார்கள். ஹோர்முஸ் கடல், அக்கரை ஈரான். பார்க்க எவ்வளவோ இருந்திருக்கும். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை என்னவென்று கேட்டாயே. மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன். சிரிக்காதே. நீல நிற லாரி, 600 கேலன் டேங்க், நம்ம கணக்கில் 2,700 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். நம்ம ஊரில் மலைதான் நமக்குத் தண்ணீர் தருகிறது. கோதையாற்றில் இறங்கி, பேச்சிப்பாறையில் தேங்கி, கால்வாய் வழியாக வயலுக்கு வருகிறது. இடவப்பாதி ஒன்று, துலாமழை ஒன்று, வருஷத்துக்கு இரண்டு மழை போதாது என்று வேறு சொல்வோம். இங்கே மலை மொட்டைக் கல். மழை எப்போதாவது பெய்யும். பெய்தால் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ரோட்டையே அடித்துக்கொண்டு போகும், மறுநாள் பழையபடி காய்ந்துகிடக்கும்.

கசப்பிலிருந்து ஏறுகிற பாதை மண் ரோடு, கொண்டை ஊசி வளைவுகள். நிறைகுடம் தளும்பாது என்று நீ சொல்வாயே, டேங்கர் ஓட்டின பிறகுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. டேங்க் நிறைந்திருந்தால் பயமில்லை, முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். ஒரு வீட்டில் பாதியை இறக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்போதுதான் ஆபத்து. வளைவில் நான் திரும்பின பிறகும் தண்ணீர் திரும்பாமல் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும். அந்தப் பக்கம் பள்ளம். முதல் வாரம் குலசேகரத்து அம்மனிலிருந்து வேளாங்கண்ணி மாதா வரை எல்லாரையும் கூப்பிட்டேன். இப்போது பழகிவிட்டது, கவலைப்படாதே.

பாதி வழியில் சைஹ் என்று ஒரு சமவெளி. சுற்றிலும் பாறை, நடுவில் உள்ளங்கை மாதிரி கொஞ்சம் பச்சை வயல். வண்டி நின்றதும் ஆடுகள் ஓடிவந்து வால்வுக்கு அடியில் கழுத்தை நீட்டும், சொட்டுகிற தண்ணீரை நக்க. நான் வேண்டுமென்றே வால்வை ஒரு சுற்று தளர்வாக விடுவேன். முதலாளிக்குத் தெரியாது.

அங்கே ஒரு பெரியவர் தன் பழைய வீட்டைக் காட்டினார். பாதி வீடு தரைக்குள் புதைந்திருக்கிறது. தடித்த கல் சுவர், மேலே கல் பலகை, அதன்மேல் மண். வாசல் அவ்வளவு சின்னது, நான் குனிந்தும் தலையை இடித்துக்கொண்டேன். உள்ளே மண் ஜாடிகள், ஒவ்வொன்றும் வாசலைவிடப் பெரிது. எப்படி உள்ளே போயிற்று? ஜாடியை வைத்துவிட்டுத்தான் சுவரே எழுப்புவார்களாம்! தானியத்தை அதில் வைத்துப் பூட்டிவிட்டு, கோடையில் பேரீச்சை பறிக்கவும் மீன் பிடிக்கவும் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்களாம். பேரே பூட்டு வீடு. பெரியவர் கையில் எப்போதும் ஒரு நீளக் கம்பு, நுனியில் பிஞ்சுக் கோடாரி. இந்த மலைக்காரர்களின் அடையாளம் அது. நீ ரப்பர் பால்வெட்டுக் கத்தியை யாரையும் தொடவிடமாட்டாயே, அவரும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த அரபியையும் அவருக்குத் தெரிந்த இந்தியையும் வைத்து நம்ம ஊரைப் பற்றிச் சொன்னேன். மாத்தூர் தொட்டிப்பாலம் படத்தைப் போனில் காட்டினேன். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது என்றதும் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் வண்டியைப் பார்த்துச் சிரித்தார். "அங்கே பாலம், இங்கே நீ" என்றார்.

மேலே ஹரீம் மலை, 2,087 மீட்டர். நம்ம அகஸ்தியர் மலையைவிட உயரம். உச்சிக்கு விடமாட்டார்கள், ரேடார் இருக்கிறது. ஆனால் ரோட்டோரப் பாறையிலேயே சிப்பி, சங்கு எல்லாம் கல்லாகிப் பதிந்திருக்கின்றன. குளச்சல் கடற்கரையில் பொறுக்குவோமே, அதே வடிவம். கோடிக்கணக்கான வருஷம் முன்னால் இது கடலின் அடித்தரையாம். விரலால் தடவிப் பார்த்தேன், வரி வரியாக இருந்தது. அக்கா மகள் ஒன்று கொண்டுவா என்பாள். எடுக்கக்கூடாது என்று சொல்லிவிடு, போட்டோ அனுப்புகிறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சேட்டன் ஒருவர் சாயாக்கடை வைத்திருக்கிறார். நான் மலையாளம் பேசுவதால் கடனுக்குத் தருகிறார். ரூமில் இருக்கும் திருச்சிக்காரன் என் தமிழையே மலையாளம் என்கிறான், அது வேறு கதை. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும்தான் கனவில் வருகிறது.

இந்த மாசப் பணம் அக்கா கணக்கில் போட்டிருக்கிறேன். முதலில் கிணற்று மோட்டாரைச் சரிபண்ணு. மழை விடும்வரை பால்வெட்டுக்குப் போகாதே, உன் முட்டு தாங்காது. டேங்க் காலியாகிவிட்டது, பெரியவர் குழாயைச் சுருட்டித் தருகிறார். இறங்க வேண்டும்.

உன் மகன்