கறுப்புக் கல்லும் வெளிர்க் கல்லும்

அன்பு மகளுக்கு,

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து எழுதுகிறேன். சாரம் கட்டிய கட்டடத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகாமல், அந்தச் சாரத்தின் மேல் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள் அப்பா என்று விமான நிலையத்தில் நீ சொன்னாய். கொலோனில் அப்படியே செய்தேன். 1248இல் தொடங்கி, பதினாறாம் நூற்றாண்டில் பாதியில் நின்று, 1842இல் மறுபடி எடுத்து 1880இல் முடித்த பேராலயம் அது. இன்றும் அதற்கென்றே கல்தச்சர்களும் கண்ணாடி வேலை செய்பவர்களும் நிரந்தரமாகப் பணியில் இருக்கிறார்கள். கும்பாபிஷேகம் நெருங்கும்போது மட்டும் திருப்பணி பார்த்துப் பழகிய எனக்கு, மராமத்து என்பது அன்றாடக் காரியமாக நடக்கும் இடத்தைக் காண நிறைவாக இருந்தது.

ஆனால் உனக்கு நான் சொல்ல விரும்புவது இங்குள்ள ஃபிரௌவன்கிர்ஹே தேவாலயத்தைப் பற்றி. கியோர்க் பேர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1726 முதல் 1743 வரை கட்டப்பட்ட இந்த ஆலயத்தின் குவிமாடம் முழுக்கக் கல்லால் ஆனது. 1945 பிப்ரவரியில் நடந்த குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோது இது உடனே விழவில்லை. உள்ளே பற்றிய தீயின் வெப்பத்தில் தூண்கள் வலுவிழந்து, 15ஆம் தேதி காலையில்தான் சரிந்தது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், எஞ்சிய இரண்டு சுவர்த் துண்டுகளுக்கு இடையே கற்குவியலாகவே கிடந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு அதைப் போரின் நினைவுச் சின்னமாக விட்டுவைத்தது. அதனால் திரும்பக் கட்டலாமா, அப்படியே விடலாமா என்று பின்னாளில் கடுமையான விவாதம் நடந்ததில் வியப்பில்லை.

1993இல் குவியலை அகற்றத் தொடங்கினார்கள். அகற்றினார்கள் என்ற சொல் அந்த வேலைக்குப் போதாது. ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, எண் இட்டு, தட்டுகளில் அடுக்கினார்கள். அது குவியலில் எந்த இடத்தில் கிடந்தது என்பதைக் கொண்டு, சுவரில் முன்பு எங்கே இருந்திருக்கும் என்று கணினியின் துணையோடு தேடினார்கள். ஏறத்தாழ 3,800 பழைய கற்கள் திரும்பவும் சுவரேறின. 2005 அக்டோபர் 30 அன்று ஆலயம் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது.

சதுக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், வெளிர் மஞ்சள் சுவரில் ஆங்காங்கே கரிய கற்கள் தெரிகின்றன. தீயின் கரிதான் என்று உன் அம்மா நினைத்தாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எல்பே ஆற்றுப் பக்கத்து மணற்கல்லில் இரும்புச் சத்து உண்டு; காற்றும் மழையும் பட்டுப்பட்டு அது தானாகவே கறுக்கும். ஆகவே இன்று வெளிறித் தெரியும் புதுக் கற்களும் காலப்போக்கில் கறுத்துவிடும். பழையதைத் தேய்த்து வெளுக்கவும் இல்லை, புதியதற்குச் சாயம் பூசிப் பழையதாகக் காட்டவும் இல்லை. எது எரிந்து விழுந்து எழுந்தது, எது நம் காலத்தில் வெட்டியது என்பதை யாரும் விளக்காமலே ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். என் கண்ணுக்கு, நான் பார்த்த மராமத்துகளிலேயே நேர்மையானது இதுதான்.

பொறியாளர்களின் பங்கையும் சொல்ல வேண்டும். குவிமாடத்தின் பெரும் பாரம் எட்டுத் தூண்களின் மேல் அளவுக்கு மீறி இறங்கியது பழைய கட்டடத்திலேயே இருந்த குறை; அந்தத் தூண்களில் முன்பே விரிசல் கண்டிருந்தது. மறுபடி கட்டியவர்கள் தோற்றத்தை மாற்றாமல், தூண்களுக்கு வலுவான கல்லைத் தேர்ந்து, வெளிப்பக்கம் தள்ளும் விசையைத் தாங்க எஃகு வளையம் பூட்டியிருக்கிறார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு பூசச் சொன்னது நினைவுக்கு வந்தது. பளபளவென்று இருந்தது. சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல், மூன்றே மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சோடு பழைய செங்கல்லும் பொரிந்து உதிர்ந்தது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே போடுங்கள் ஐயா என்று வயதான கொத்தனார் ஒருவர் சொன்னார், நான் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக உன்னிடம் இதைச் சொன்னதில்லை. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையை நீ தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்பதால் இப்போது சொல்கிறேன்.

உச்சியில் இருக்கும் பொற்சிலுவை பிரிட்டனிலிருந்து வந்த கொடை. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர்களில் ஒருவரின் தந்தை, இந்நகரின் மேல் குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். குவியலுக்கு அடியில் நசுங்கிக் கிடைத்த பழைய சிலுவையை நிமிர்த்தாமல், வளைந்தபடியே உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

நாளைக் காலை வார்சாவுக்கு ரயில். அங்கே பழைய நகரையே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கறுப்புக் கற்களின் படங்களை இத்துடன் அனுப்புகிறேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். ஓரம் உடைந்த கல்லை உடைந்தபடியே வைத்து, இணைப்பை மட்டும் சாந்தால் நிரப்பியிருக்கிறார்கள். அது என்ன சாந்தாக இருக்கும் என்று உனக்குத் தோன்றுகிறதோ, எழுது.

அன்புடன்,
உன் அப்பா