சாட்சி உட்கார ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேங்கிக் கிடக்கும் குற்ற வழக்குகளைக் குறைக்கப் புதிய நீதிமன்றக் கட்டடங்கள் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை மாடி, எத்தனை அறை என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அந்த அறைக்கு வெளியே காலை பத்து மணியிலிருந்து கால்கடுக்க நிற்கும் சாட்சி எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நான் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட மேற்பார்வையாளர். கொண்டை ஊசி வளைவில் நடந்த ஒரு விபத்தை நேரில் பார்த்ததால், நாகலூர்ப் பக்கத்திலிருந்து காலைப் பேருந்தில் 20 வளைவுகளும் இறங்கி, சேலத்தில் ஒரு குற்றவியல் நீதிமன்றத்துக்கு நான்கு முறை போனேன். மூன்று முறை என் பெயரையே கூப்பிடவில்லை. மாலையில் வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு திரும்பினேன். தாழ்வாரத்தில் இருந்தது ஒரே பெஞ்சு. ஒரு முனையில் எதிரியும் (குற்றம் சாட்டப்பட்டவர்) அவருடைய உறவினர்களும், மறுமுனையில் நானும், என்னைப் போலவே சாட்சியான காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணும். "ஏங்கண்ணு, பறிப்பெல்லாம் முடிஞ்சுதா?" என்று ஓர் உறவினர் அந்தப் பெண்ணிடம் அன்பாகத்தான் விசாரித்தார். அடுத்த வாய்தாவில் டீயும் வாங்கிக் கொடுத்தார். நான்காம் முறை அந்தப் பெண் வரவில்லை. டீ காரணமா, பறிப்புக் கூலி காரணமா என்று நான் கேட்கவில்லை. முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகள் பலர் கூண்டில் ஏறுவதற்கு முன்பே இத்தகைய பெஞ்சுகளில் உருவாகிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, விசாரணையை நாள்தோறும் தொடர்ந்து நடத்தச் சொல்கிறது. வாய்தாக்களுக்கும் வரம்பு விதிக்கிறது. ஆனால் நாடெங்கும் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்க, அவற்றில் பெரும்பகுதி குற்ற வழக்குகளாக இருக்க, நாள்தோறும் நடத்துவது யார்? 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் சொன்னது 1987-இல். உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது 2002-இல். இன்றுவரை அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

நீதிபதிகளை நியமிப்பதற்குக் காலம் பிடிக்கும் என்றால், கட்டடத்தையாவது சரியாகக் கட்டலாம். குழந்தைகளும் பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர்களும் அச்சமின்றிச் சாட்சி சொல்லத் தனி மையங்கள் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. சாதாரண சாட்சிக்கு அந்த அளவு கேட்கவில்லை; எதிரியின் கண்ணில் படாத ஓர் அறை, கழிப்பறை, வழக்கு எப்போது வரும் என்று காட்டும் பலகை போதும். இடமில்லை என்பார்கள். வெள்ளைப் பெயிண்டில் குற்ற எண் எழுதப்பட்டு, இருக்கைக்குள் செடி முளைத்துக் கிடக்கும், வழக்குகளில் பிடிபட்ட வண்டிகளுக்கு மட்டும் இடம் இருக்கிறதே! அவற்றைப் படம் எடுத்துப் பதிவு செய்துவிட்டு அப்புறப்படுத்த அதே சட்டம் வழி சொல்கிறது.

மாநில அரசு அறிவிக்கும் இடத்திலிருந்து சாட்சியைக் காணொளி வழியே விசாரிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. மலைக்கிராமத்தாருக்கு ஏற்காட்டிலேயே அப்படியோர் அறை இருந்தால், ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சும்.

நான்காம் முறை நான் சாட்சி சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணின் சாட்சியம் இன்னும் பாக்கி; அடுத்த வாய்தா பறிப்புக் காலத்தின் நடுவில் வருகிறது.

இப்படிக்கு,
காப்பித் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.