முதல் பருவ நிறைவும் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுக் கட்டுரைகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் பரிசுகள் வாங்கியிருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

அடுத்தது, புகழ்பெற்ற கட்டடங்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்பினர் எழுதிய கட்டுரைகள். நடை அழகாக இருக்கிறது. பதினான்கு வயதுக்குச் சற்று அதிகமாகவே அழகு. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொண்ட எல்லோரும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்கள். விழும், வெயில் நேரத்தில் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கைகளை வெட்டினார்கள் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கைபேசியில் கிடைத்ததைப் பெரியவர்கள் செப்பனிட்டுக் கொடுத்தால் இப்படித்தான் வரும்.

உதவ வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில், கேள்வியைச் சுருக்க உதவுங்கள். 600 சொற்களில் ஒரு கட்டடத்தின் முழு வரலாறு அடங்காது. ஈஃபிள் கோபுரம் 20 ஆண்டு அனுமதியில்தான் நின்றது; 1909இல் அதை ஏன் பிரிக்கவில்லை? கம்பியில்லாத் தந்திக்கு அந்த உயரம் பயன்பட்டது என்ற விடையை நோக்கிப் போனாலே கதை நகரும்.

ஆண்டுகளில்தான் பிழை அதிகம். ஈஃபிள் கோபுர வேலை தொடங்கியது 1887, திறந்தது 1889. எது எதற்குரிய ஆண்டு என்று குறிக்காவிட்டால் இரண்டு நூல்கள் முரண்படுவதுபோலத் தோன்றும். ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். செவிவழிக் கதையை 'என்று சொல்கிறார்கள்' என எழுதலாம். அரசர் பேசியதாக வசனம் வேண்டாம். இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமான உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. நிழல் கதையைவிட இது நல்ல தொடக்கம்.

முடிந்தால் நேரில் அழைத்துப் போங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் கல்வெட்டு எழுத்து தெளிவாகத் தெரியும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டித் தூளோ எண்ணெயோ தடவக் கூடாது, கல் கெடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளையின் கையெழுத்தில் குறிப்பேடும் முதல் வரைவும் இல்லாத கட்டுரைக்கு இனி மதிப்பெண் கிடையாது. இதில் யாருக்கும் விலக்கு இல்லை. திருப்பித் தந்த கட்டுரைகளைப் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்துக்குள் மீண்டும் எழுதித் தர வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் பரவாயில்லை, இருப்பதே நல்லது.

பிள்ளைகள் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற அக்கறையில்தான் இவ்வளவும் நடந்தது என்பதை அறிவோம். வேலைகளுக்கு நடுவே அவர்களோடு உட்கார்ந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்