வட்டமிடும் பறவையை நிறம் பார்த்து முடிவு செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் ஊசுட்டேரிக்கு மேலே உயரத்தில் வட்டமிட்ட பறவைக் கூட்டத்தின் படம் ஒன்றைத் தங்கள் நாளிதழ் அண்மையில் பிணந்தின்னிக் கழுகுகள் என்ற குறிப்புடன் வெளியிட்டிருந்தது. அவை மஞ்சள் மூக்கு நாரைகள். முன்னே நீட்டிய கழுத்தும், வாலைத் தாண்டிப் பின்னே நீளும் கால்களும் அந்தச் சிறிய அச்சிலேயே தெரிகின்றன. பிணந்தின்னிக் கழுகு எனப்படும் பாறு பறக்கும்போது கழுத்து உள்ளடங்கியிருக்கும். கால்கள் வாலுக்கு வெளியே வருவதில்லை.

இந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்பதும் புரிகிறது. கீழிருந்து பார்த்தால் மஞ்சள் முகப் பாறுக்கும் இந்த நாரைக்கும் வெளிறிய உடல், இறக்கையின் பின்பகுதி கறுப்பு என்ற ஒரே வண்ண அமைப்புதான். நத்தை குத்தி நாரையும் ஏறத்தாழ அப்படியே. ஆனால், கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்டு, அவற்றின் சடலத்தைத் தின்னும் பாறுகளுக்கு நஞ்சான டைக்ளோஃபீனாக் என்ற வலிநீக்கி மருந்தினால் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டவை மடிந்து, 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்ட பிறகும், தமிழகத்தில் பாறுகள் பெரும்பாலும் நீலகிரிப் பக்கத்து மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டியே எஞ்சியிருக்கும் நிலையில், அவை புதுச்சேரிக்கு வந்துவிட்டதாக அச்சில் வருவது சிறிய பிழை ஆகாது.

உயரப் பறக்கும் பறவையிடம் நிறத்தைத் தேடுவதே முதல் தவறு என்பேன். வெளுத்த வானத்தின் பின்னணியில் எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். அளவும் கைகொடுக்காது, ஒப்பிட அருகில் ஒன்றும் இல்லாத வெட்டவெளியில் கள்ளப்பருந்தும் கடற்கழுகாகத் தோன்றும். காகம் ஒன்று துரத்திக்கொண்டு போனால் நம் அதிர்ஷ்டம், அதை வைத்து அளவை மதிப்பிடலாம். மற்றபடி நம்ப வேண்டியவை கழுத்து, கால், வாலின் முனை, இறக்கையை ஏந்திப் பிடிக்கும் விதம் ஆகியவைதாம்.

கள்ளப்பருந்தையே எடுத்துக்கொள்வோம். அதன் வால் நடுவில் உள்வாங்கி இரு முனையாகப் பிரிந்திருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது வாலை முழுதாக விரித்தால் அந்தப் பிளவு மறைந்து விளிம்பு நேராகிவிடும், இறகு உதிர்க்கும் காலத்திலும் பிளவு சரியாகத் தெரியாது என்பதைச் சொல்வதில்லை. அதைவிட உறுதியான அடையாளம், படகுக்காரர் சுக்கானைத் திருப்புவதுபோல அது வாலை ஓயாமல் இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருப்பது. செம்பருந்தின் வால் முனை வட்டமானது. அதன் குஞ்சு வளர்ந்து பறக்கத் தொடங்கும்போது செம்மையும் வெண்தலையும் இல்லாமல் பழுப்பாக இருப்பதால் கள்ளப்பருந்து என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். அங்கும் வாலைப் பார்ப்பதே வழி. நம் ஊர் வானில் அரிய பறவை என்று கொண்டாடப்படுபவற்றில் பாதியாவது தேங்காய்த்திட்டு, கடலூர் முதுநகர் துறைமுகங்களில் மீன் கழிவுக்கு வந்து திரும்பும் இந்த இரண்டு பருந்துகளாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

குளிர்காலத்தில் வரும் சேற்றுப் பூனைப்பருந்து காலையில் கோரைக்கு மேல் தாழப் பறக்கும். வெயில் ஏறித் தரையிலிருந்து வெப்பக் காற்று எழும்பத் தொடங்கியதும் அதுவும் மேலே போய்விடும். அப்போது நீண்ட வாலும், சற்றே மேல்நோக்கித் தூக்கிய இறக்கைகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். கடற்கரையிலும் பிச்சாவரத்திலும் காணக் கிடைக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் இறக்கையைத் தூக்கியே பிடிக்கும் என்றாலும், அதன் வால் மிகக் குட்டை, ஆப்பு வடிவம். கூழைக்கடாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: பின்னிழுத்த கழுத்தும் முன்னே துருத்திய கனத்த அலகும் எவ்வளவு உயரத்திலும் மறையா.

பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் கலந்துகொள்ளும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உருவம் பிடிபடாத பறவைக்குக் கைப்பேசிச் செயலி ஊகித்துச் சொல்லும் பெயரை அப்படியே எழுதிவிடாமல், 'பருந்து, இனம் தெரியவில்லை' என்று பதியுங்கள். அதுவும் செல்லத்தக்க பதிவுதான். படம் எடுப்பவர்கள் ஒளி அளவைச் சற்றுக் கூட்டி, பறவை ஒரு வட்டத்தை முடிக்கும்வரை தொடர்ந்து பல படங்கள் எடுத்தால், திரும்பும் ஒரு கணத்தில் வெயில் அடிவயிற்றில் படும். வாலின் வடிவமும் ஏதாவது ஒரு படத்தில் கிடைத்துவிடும்.

வாசகர்கள் அனுப்பும் பறவைப் படங்களைத் தாங்கள் வெளியிடும்போது இடம், நாள், நேரம் மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டும். பாறு போன்ற அரிய பெயர் வந்தால் வனத்துறையிடமோ, பறவைகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவரிடமோ காட்டிய பிறகே வெளியிட வேண்டும். ஊசுட்டேரிப் படத்துக்கான திருத்தத்தைக் கணக்கெடுப்புக்கு முன்பே வெளியிட்டால், அதை நம்பி ஏரிக்கரைக்கு வருபவர்கள் அங்குள்ள நாரைகளை நாரைகளாகவே எண்ணிச் செல்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வில்லியனூர், புதுச்சேரி.